லீவர் ரிபீட்டர் இருந்தும் ராணுவங்கள் ஏன் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியை நம்பின?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 1860-லேயே மறுபடி நிரப்பாமல் 16 முறை சுடக்கூடிய ஹென்றி ரைஃபிள் என்னும் லீவர் ரிபீட்டர் (அடியில் உள்ள லீவரைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தானே ஏறும் துப்பாக்கி) வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1870-களில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவைக் கையால் செருகிச் சுடும் துப்பாக்கியை ஏன் சிப்பாய்களுக்குக் கொடுத்தன? தளபதிகளின் பழமைப் புத்தியா, கஜானாக்காரர்களின் கஞ்சத்தனமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 1870-களில் ஏன் ரிபீட்டரே வேண்டாம் என்றார்கள் என்பது ஒன்று. பிறகு ரிபீட்டருக்கு மாறியபோது ஏன் லீவரை விட்டு போல்ட்டுக்கு, அதாவது பக்கவாட்டுக் கைப்பிடியால் முன்னும் பின்னும் இழுக்கும் தண்டுக்கு, போனார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணங்கள் வேறு. சேர்த்துப் பார்த்தால்தான் குழப்பம் வருகிறது.

முதலில் ஒரு திருத்தம். ராணுவங்கள் லீவர் ரிபீட்டரைத் தொட்டே பார்க்கவில்லை என்பது சரியல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு அரசு ஸ்பென்சர் என்னும் லீவர் ரிபீட்டரை, ரைஃபிள்களையும் கார்பைன்களையும் (குட்டைத் துப்பாக்கிகள்) சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கியது. பின்கட்டைக்குள் 7 தோட்டா கொள்ளும் குழாய் கொண்டது அது. லீவரை இயக்கிய பிறகு சுத்தியலைத் தனியாகக் கையால் பின்னிழுக்க வேண்டும். 1863 ஜூனில் ஹூவர்ஸ் கேப் சண்டையில் கர்னல் வைல்டரின் வடக்குப் படை அதை வைத்து வேகமாகச் சுட்டு வென்றது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஹென்றியை மட்டும் அரசு மிகக் குறைவாக, 1,731 எண்ணிக்கையில் வாங்கியது. போரில் பயன்பட்ட மற்ற ஹென்றிகளில் பெரும்பாலானவை சிப்பாய்கள் தங்கள் சம்பளத்தில் வாங்கியவை. ஆகவே ரிபீட்டரின் பலம் ராணுவத்துக்குப் புதிதல்ல. தெரிந்தேதான், போர் முடிந்த பிறகு ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்குத் திரும்பினார்கள்.

காரணம் லீவர் அல்ல, தோட்டா. ராணுவம் எப்போதும் முதலில் தோட்டாவைத் தீர்மானிக்கும். எவ்வளவு தூரத்தில் என்ன செய்ய வேண்டும், குண்டு எவ்வளவு எடை, எவ்வளவு மருந்து என்று முடிவு செய்த பிறகே அதைச் சுடும் துப்பாக்கியைத் தேடும். பிரிட்டன் 1871-ல் ஏற்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியான மார்ட்டினி-ஹென்றியின் தோட்டாவில் குண்டு 31 கிராம், கருமருந்து 5.5 கிராம். (இந்தப் பெயரில் வரும் ஹென்றி குழலை வடிவமைத்த எடின்பரோக்காரர் அலெக்சாண்டர் ஹென்றி. அமெரிக்க ரிபீட்டரைச் செய்த ஹென்றி வேறு ஆள்.) அமெரிக்காவின் 1873 ஸ்பிரிங்ஃபீல்டுக்கான 45-70 தோட்டாவில் குண்டு 26 கிராம், மருந்து 4.5 கிராம். அதே 1873-ல் வந்த, ஹென்றியின் வழியில் வளர்ந்த லீவர் ரிபீட்டரான வின்செஸ்டரின் 44-40 தோட்டாவில் குண்டு 13 கிராம், மருந்து 2.6 கிராம். பழைய ஹென்றியில் குண்டு 14 கிராம் இருந்தாலும் மருந்து 2 கிராமைக்கூடத் தொடவில்லை. குழல் வாயில் கிடைக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால் 44-40 ஏறக்குறைய 900 ஜூல், 45-70 சுமார் 2,200, மார்ட்டினி சுமார் 2,600. இவை ஒரே வகை ஆயுதங்களே அல்ல. வின்செஸ்டர் 1873 சுட்டது இன்றைய கணக்கில் ஒரு பலமான கைத்துப்பாக்கித் தோட்டா. கோல்ட் ரிவால்வரிலும் அதே 44-40-ஐப் போட்டு மக்கள் பயன்படுத்தினார்கள்.

அப்படியானால் பெரிய தோட்டாவையே லீவர் துப்பாக்கியில் போட்டிருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் இயந்திரத்தின் அமைப்பு குறுக்கே நிற்கிறது. 1860 ஹென்றி, 1866, 1873 வின்செஸ்டர் மூன்றுக்கும் உள்ளே ஒரே ஏற்பாடுதான். குழலுக்குக் கீழே உள்ள குழாயிலிருந்து வில்லின் அழுத்தத்தில் தோட்டா பின்னோக்கி வந்து ஒரு பித்தளைக் கட்டைக்குள் நுழையும். லீவரைக் கீழே தள்ளினால் அந்தக் கட்டை லிஃப்ட் போல நேராக மேலேறித் தோட்டாவைக் குழலின் பின்வாய்க்கு நேரே கொண்டு நிறுத்தும். லீவரைத் திரும்ப இழுத்தால் உள்ளே இருக்கும் போல்ட் என்னும் தண்டு முன்னே வந்து அதை உள்ளே தள்ளும். இதில் பித்தளைக் கட்டையின் நீளமும் தோட்டாவின் மொத்த நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்தியே ஆக வேண்டும். தோட்டா நீண்டுவிட்டால் கட்டை மேலேறும்போது ரிசீவரின் (இயந்திரம் அடங்கிய உடல்பகுதி) விளிம்பில் இடித்து நிற்கும். குட்டையாகிவிட்டால் அடுத்த தோட்டாவின் பின்பகுதி கட்டைக்குள் நீட்டிக்கொண்டு இயந்திரத்தையே பூட்டிவிடும். 44-40-இன் மொத்த நீளம் 40 மில்லிமீட்டர். 45-70-க்கு ஏறக்குறைய 65. மார்ட்டினித் தோட்டாவோ 80-ஐ நெருங்கும். நீளம் கூடினால் போல்ட் பின்னோக்கிப் போக வேண்டிய தூரமும் கூடும், லீவர் சுழல வேண்டிய வீச்சும் கூடும், ரிசீவர் நீண்டு எடை ஏறும்.

இன்னொரு தடை, பூட்டும் முறை. இந்த மூன்று துப்பாக்கிகளிலும் போல்ட்டைப் பின்னால் தாங்குவது முழங்கால் மூட்டு மாதிரி மடங்கி நிமிரும் இரட்டை இணைப்பு. நிமிர்ந்து நேர்க்கோட்டில் நிற்கும்போது அது உறுதியானதுதான். ஆனால் வெடிப்பின் உதை நீளமான போல்ட்டையும் இணைப்புகளையும் கடந்து ரிசீவரின் பின்புறத்தில்தான் போய் நிற்கும். 1866-இல் அந்த ரிசீவரே இரும்பல்ல, பித்தளையை ஒத்த பீரங்கி வெண்கலம். இரண்டு மடங்கு பெரிய தோட்டாவின் உதையை இதன் மேல் ஏற்றுவது நல்ல யோசனையல்ல என்று வின்செஸ்டர் கம்பெனிக்கே தெரியும்.

அவர்கள் முயற்சி செய்யாமலும் இல்லை. 1876 மாடல் என்பது 1873-ஐ அப்படியே பெரிதாக்கிய வடிவம். அதிலும் ராணுவத்தின் 45-70 நுழையவில்லை. அதனால் கூட்டைப் பருமனாக்கி, கழுத்தை ஒடுக்கி, நீளத்தைக் குறைத்து 45-75 என்று ஒரு தோட்டாவைத் தாங்களே உருவாக்கினார்கள். கனடாவின் வடமேற்குக் குதிரைப் போலீஸ் அதை வாங்கியது. ஆனால் கிடங்கு முழுக்க 45-70 அடுக்கி வைத்திருக்கும் ராணுவத்திடம் போய் வேறு தோட்டாவுக்கு மாறுங்கள் என்றால் நடக்குமா? 45-70-ஐ முழு பலத்தோடு சுடக்கூடிய வின்செஸ்டர் லீவர் துப்பாக்கி ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1886 மாடல்தான். இரு பக்கமும் செங்குத்தாக ஏறிப் பூட்டும் இரும்புக் கட்டைகள், தோட்டாவைச் சாய்ந்து தூக்கும் கேரியர் என்று எல்லாமே புதிது. அருமையான துப்பாக்கி. ஆனால் அதே 1886-ல் பிரான்ஸ் புகையில்லா மருந்தோடு 8 மில்லிமீட்டர் லெபெல் ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. கருமருந்துக்கான மிகச் சிறந்த லீவர் துப்பாக்கி, கருமருந்தின் காலம் முடியும் ஆண்டில் வந்து சேர்ந்தது.

பெரிய தோட்டா எதற்கு என்று கேட்டால், அன்றைய காலாட்படை தன் வேலையாக எதை நினைத்தது என்று பார்க்க வேண்டும். மார்ட்டினியின் குறிகாட்டி 1,400 கெஜத்துக்கு மேலும் அளவிடப்பட்டிருந்தது. தனி ஆளைக் குறிபார்க்க அல்ல. ஒரு கம்பெனி முழுவதும் அதிகாரியின் கட்டளைக்குச் சேர்ந்து சுட்டு, தூரத்தில் நகரும் படைத்தொகுதியின் மேலும் பீரங்கிக் குழுவின் மேலும் குண்டுமழை விழச்செய்வதற்கு. பாய்ந்து வரும் குதிரையை நிறுத்துவதும் இந்தத் துப்பாக்கியின் வேலை. 44-40 குண்டு 200 கெஜத்துக்குள் நன்றாகவே வேலை செய்யும். அதன் பிறகு பாதை அவ்வளவு வளைந்துவிடும் என்பதால் தூரத்தைக் கணிப்பதில் சிறு பிழை வந்தாலும் குண்டு தலைக்கு மேலே போகும் அல்லது முன்னால் மண்ணில் இறங்கும்.

இதற்குப் போர்க்களச் சான்று 1877-ல் ரஷ்ய-துருக்கிப் போரில் நடந்த பிளெவ்னா முற்றுகை. உஸ்மான் பாஷாவின் துருக்கியப் படையிடம் இரண்டு வகைத் துப்பாக்கிகளும் இருந்தன. தூரத்துக்கு அமெரிக்காவில் செய்த பீபடி-மார்ட்டினி என்னும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, கிட்டத்துக்கு 1866 வின்செஸ்டர். முன்னேறிய ரஷ்யர்கள் தங்கள் துப்பாக்கி எட்டாத தூரத்திலேயே பீபடியால் அடிபட்டார்கள். அதையும் தாண்டி அகழியை நெருங்கியவர்கள் மேல் வின்செஸ்டர் பாய்ந்தது. ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த பெரிய தாக்குதல்களில் இழப்பு ஆயிரக்கணக்கில். லீவர் ரிபீட்டரின் மாபெரும் வெற்றி என்று இதைச் சொல்லுபவர்கள் உண்டு. அதில் எவ்வளவு பங்கு வின்செஸ்டருக்கு, எவ்வளவு பீபடிக்கு, எவ்வளவு துருக்கியரின் மண்ணரண்களுக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சதவீதம் போட்டுச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் உறுதி. வின்செஸ்டர் அங்கே பலித்ததற்கு முக்கியக் காரணம், அகழிக்குள் பக்கத்திலேயே பெட்டி பெட்டியாகத் தோட்டா இருந்தது. சிப்பாய் அதைச் சுமந்து நடக்க வேண்டியிருக்கவில்லை. இந்த வெற்றியைத் தங்கள் கண்ணால் பார்த்த துருக்கியரே அடுத்த பெரிய ஆர்டரை 1887-ல் யாருக்குக் கொடுத்தார்கள்? ஜெர்மன் கம்பெனியான மௌசருக்கு. அது போல்ட் துப்பாக்கி, ஆனால் குழலுக்குக் கீழே அதே குழாய் மேகசின் (தோட்டா நிரப்பி வைக்கும் இடம்). அவர்களுக்குப் பிடிக்காமல் போனது ரிபீட்டர் அல்ல, சிறிய தோட்டா.

சுடும் வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். வின்செஸ்டர் 1873-இல் 15 தோட்டாவை அரை நிமிடத்துக்குள் தீர்த்துவிடலாம். அதன்பின்? பக்கவாட்டு வாயில் வழியாகத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். ஒன்றுக்கு 2 நொடி வைத்தாலும் முழுதாக நிரப்ப இன்னோர் அரை நிமிடம். ஆக நீண்ட நேரச் சண்டையில் சராசரி நிமிடத்துக்கு 15 சொச்சம். நன்கு பழகிய சிப்பாய் மார்ட்டினியில் நிமிடத்துக்கு 10, 12 முறை சுடுவார். முதல் அரை நிமிடத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், பத்து நிமிடச் சண்டையில் காணாமல் போகிறது. எதிரி 100 கெஜத்துக்குள் வந்துவிட்ட அந்த அரை நிமிடம்தான் உயிரைக் காக்கும் என்று வாதிடலாம். அது நியாயமான வாதம். அன்றைய அதிகாரிகளில் பலரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அதற்காகத் தூரத்துப் பலத்தை விட்டுக்கொடுக்கத்தான் சம்மதிக்கவில்லை.

“சிப்பாய் தோட்டாவை வீணடிப்பான் என்று பயந்தார்கள்” என்பது எல்லா இடத்திலும் முதலில் சொல்லப்படும் காரணம். பொய்யல்ல, ஆனால் அளவுக்கு மீறிச் சொல்லப்படுகிறது. பயம் உண்மையில் இருந்ததற்குத் துப்பாக்கிகளே சாட்சி. 1888-ல் வந்த பிரிட்டனின் லீ-மெட்ஃபோர்டிலும் 1892-ல் அமெரிக்கா தேர்ந்தெடுத்த க்ராக்கிலும் மேகசினைப் பூட்டி வைக்கும் விசை இருந்தது. சாதாரண நேரத்தில் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும், மேகசின் நெருக்கடிக்கு மட்டும் என்பது விதி. அந்தப் பயத்துக்குப் பின்னால் சுமைக் கணக்கு இருந்தது. மார்ட்டினித் தோட்டா ஒன்று ஏறக்குறைய 50 கிராம். சிப்பாய் சுமந்தது 70 தோட்டா, அதுவே மூன்றரைக் கிலோ. 600 தோட்டா கொண்ட பெட்டி இரண்டை ஒரு கோவேறு கழுதை சுமக்கும் என்றால், 800 பேர் ஆளுக்கு 20 தோட்டா கூடுதலாகச் சுட்டதை ஈடுகட்ட 13, 14 கழுதைகள் வர வேண்டும். ரயில் போகாத இடத்தில் போர் நடத்தியவர்களுக்கு இது தினசரிக் கவலை. ஆனால் இதே கணக்கு லீவருக்குச் சாதகமாகவும் திரும்பும். 44-40 தோட்டா 20 கிராம்தான். அதே மூன்றரைக் கிலோவில் 170-க்கும் மேல் எடுத்துச் செல்லலாம். அதனால்தான் வீணாகும் என்ற காரணத்தை மட்டும் வைத்து முடிவை விளக்க முடியாது என்கிறேன்.

பணம் உண்மையான காரணம், குறிப்பாக 1865-க்குப் பிறகு. அமெரிக்காவிடம் வாய்வழி நிரப்பும் ஸ்பிரிங்ஃபீல்டுகள் லட்சக்கணக்கில் மிஞ்சிக் கிடந்தன. குழலின் பின்பகுதியை வெட்டி, கீல் வைத்த மூடி போட்டால் அவை தோட்டாத் துப்பாக்கியாகிவிடும். 1873 ஸ்பிரிங்ஃபீல்டு அந்த வழியில் வளர்ந்ததுதான். பிரிட்டன் 1866-ல் தன் என்ஃபீல்டுகளை ஸ்னைடராக மாற்றியதும் இப்படியே. அமெரிக்க ராணுவம் 1870-களின் நடுவில் 25,000 சிப்பாய்களாகச் சுருங்கிவிட்டது. அந்த நிலையில் புதிய ரிபீட்டருக்குப் பணம் கொடுங்கள் என்று காங்கிரஸைக் கேட்க யாரும் துணியவில்லை.

1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்னில் பூர்வகுடி வீரர்களிடம் கஸ்டரின் அமெரிக்கப் படை அழிந்ததை எதிர்வாதமாகச் சொல்வார்கள். லகோட்டா, ஷையன் வீரர்களிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தது உறுதி. 1983-ல் காட்டுத்தீ புல்லை எரித்த பிறகு நடந்த தொல்லியல் தேடலில் அவற்றின் தோட்டாக்கூடுகள் கிடைத்தன. கிட்டத்துச் சண்டையில் அவை பெரிய பலம் தந்திருக்கும். ஆனால் ஆள் எண்ணிக்கை, பிரித்து அனுப்பப்பட்ட படை, நிலத்தின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துப்பாக்கி ஒன்றே முடிவு செய்தது என்பதற்குச் சான்று போதாது. ஸ்பிரிங்ஃபீல்டின் செப்புக் கூடு சூட்டில் சேம்பரில் (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) ஒட்டிக்கொண்டதுதான் தோல்விக்குக் காரணம் என்பதும் அப்படியே. ஒட்டிக்கொண்டது நடந்தது. களத்தில் கிடைத்த கூடுகளில் அதன் தடயம் தெரிவது கொஞ்சத்தில்தான்.

அடிக்கடி கேட்கும் இன்னும் இரண்டு காரணங்களை நான் கீழே தள்ளி வைப்பேன். ஒன்று, படுத்துச் சுடும்போது லீவர் தரையில் இடிக்கும் என்பது. இடிக்கும், துப்பாக்கியைச் சற்றுச் சரித்தால் வேலை செய்யும். மார்ட்டினியையும் கீழே தள்ளும் லீவரால்தான் திறக்க வேண்டும். அதை பிரிட்டிஷ் ராணுவம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சங்கடப்படாமல் பயன்படுத்தியது. இரண்டு, பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்ட முடியாது என்பது. வின்செஸ்டர் நீண்ட குழலோடு பயனெட் மாட்டும் மஸ்கட் வடிவத்தையும் விற்றது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ரிபீட்டருக்கு மாறியபோது ஏன் போல்ட்? தோட்டாவின் நீளம் போல்ட்டுக்குப் பிரச்சினையே அல்ல. கையால் நேராகப் பின்னிழுக்கும் ஓர் இரும்புத் தண்டு எவ்வளவு தூரமும் போகும், ரிசீவரைக் கொஞ்சம் நீட்டினால் போதும். பூட்டும் காதுகளைத் தோட்டாவின் தலைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சாய்தளம் ஒட்டிக்கொண்ட கூட்டைத் தளர்த்திவிடும். கருமருந்துக் கசடோடு சண்டையிட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். சுத்தம் செய்வதிலும் வித்தியாசம் பெரிது. போல்ட்டைக் கையாலேயே உருவி எடுத்து, பின்பக்கமிருந்து குழலுக்குள் கம்பி விட்டுத் துடைக்கலாம். வின்செஸ்டர் 1873-ஐத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். பக்கத் தகடுகளைக் கழற்றினால் இணைப்புகளும் தகட்டு வில்களும் கையோடு வரும். சேற்றிலும் மழையிலும் நிற்கும் கட்டாயச் சேவைப் பையனிடம் அதைக் கொடுக்க எந்த ஆயுதக் கிடங்கு அதிகாரியும் விரும்பமாட்டார். லீவரை அவசரத்தில் முழுவீச்சுக்குத் தள்ளாமல் பாதியில் திருப்பினால் தோட்டா நடுவில் சிக்கும் என்பதும் உண்டு.

ஸ்விட்ஸர்லாந்து 1869-லேயே வெட்டர்லி என்ற போல்ட் ரிபீட்டரை ஏற்றது. 1884-ல் ஜெர்மனி தன் மௌசருக்குக் குழாய் மேகசின் வைத்தது. லெபெல்லிலும் குழாய்தான். அதாவது 1880-களின் நடுப்பகுதி வரை குழாய் மேகசின் யாருக்கும் உறுத்தவில்லை. வின்செஸ்டர் கம்பெனியே ஹாட்ச்கிஸ் காப்புரிமையை வாங்கி, 45-70 சுடும் போல்ட் ரிபீட்டரைச் செய்து அமெரிக்க ராணுவச் சோதனைக்குக் கொண்டுபோனது. ராணுவம் எதைக் கேட்கிறது என்று லீவர் துப்பாக்கியின் சொந்தக்காரர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

குழாய் தோற்றது அதன் பிறகு. ஆஸ்திரிய வடிவமைப்பாளர் மான்லிக்கர் 1886-ல் 5 தோட்டாவை ஒரு கிளிப்போடு மேலிருந்து ஒரே தள்ளில் நிரப்ப வழி செய்தார். 1889-ல் பெல்ஜியம் ஏற்ற மௌசரில் ஒரு தகட்டுப் பட்டையில் கோத்த 5 தோட்டாவைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் இறக்கலாம். முன்பு போட்ட அரை நிமிடக் கணக்கு சில நொடிகளாகிவிட்டது. குழாயில் ஒவ்வொன்றாகத் திணிக்கும் துப்பாக்கி, லீவரோ போல்ட்டோ, அன்றோடு பழசாகிவிட்டது. கூர்முனைக் குண்டு வந்தது இன்னொரு அடி. குழாய்க்குள் ஒரு தோட்டாவின் முனை முன்னால் இருப்பதன் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) மேல் நேராக நிற்கும். சுடும்போது வரும் அதிர்வில் அது வெடிக்கலாம். லெபெல்லுக்கு 1898-ல் கூர்முனைக் குண்டு கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள், கூட்டின் அடியில் பிரைமரைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் வெட்டி முனை அதில் தங்கும்படி செய்ய வேண்டியிருந்தது. ஆனால் இது 1890-களின் கடைசியில் வந்த பிரச்சினை. 1870-களில் ராணுவங்கள் லீவரை மறுத்ததற்கு இதைக் காரணமாகச் சொல்வது காலத்தைக் கலந்துவிடுவது. அன்றைய குண்டுகள் மழுங்கிய முனை கொண்டவை.

லீவர் முறையே போருக்கு ஆகாது என்பவர்களுக்கு வின்செஸ்டர் 1895 பதில் சொல்லும். அதுவும் பிரௌனிங் செய்ததுதான். குழாய் இல்லை, நேர்ப் பெட்டி மேகசின், முழு பலப் புகையில்லாத் தோட்டா. முதல் உலகப்போரில் தன் மோசின் போல்ட் துப்பாக்கிகள் போதாமல் தவித்த ரஷ்யா இதை ஏறக்குறைய 3 லட்சம் ஆர்டர் செய்தது. ரஷ்யாவின் சொந்த 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும்படியும், மோசினின் தகட்டுப் பட்டையால் 5 தோட்டாவை மேலிருந்து இறக்கும்படியும், பயனெட் மாட்டும்படியும் செய்து கொடுத்தார்கள். 1870-களின் எல்லாக் குறைகளும் அதில் தீர்ந்திருந்தன. ஆனால் அதற்குள் எல்லா நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகளிலும் போல்ட் துப்பாக்கிக்கான இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்திவிட்டு, அதிக உதிரிபாகம் கொண்ட, அதே தோட்டாவை அதே வேகத்தில் சுடும் லீவருக்கு மாற எந்த நாட்டுக்கும் காரணம் இருக்கவில்லை.